ஆடம்ஸும் வாய்ப்பூட்டும்

ஜான் குவின்ஸி ஆடம்ஸ் பெரிய ராஜதந்திரி என்பதை எவரும் மறுப்பதில்லை. 14-வது வயதில் ருஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதரின் காரியதரிசியாகப் போனவர். பின்னர் ஹாலந்து, பிரஷ்யா, ருஷ்யா, பிரிட்டன் ஆகிய தேசங்களில் தாமே ஸ்தானிகராயிருந்தவர். 1814-ல் கெண்ட் நகரில் பிரிட்டனுடன் சமாதானம் பேசிய கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர். ஆயினும் நாம் அவரைப் போற்றுவது இவற்றுக்காக அன்று.

அவர் ஜனாதிபதியான விதமும் நமக்கு உவப்பானதல்ல. 1824 தேர்தலில் அதிக வோட்டுப் பெற்றவர் ஜாக்ஸன். ஒருவருக்கும் பெரும்பான்மை கிட்டாமையால் பிரதிநிதி சபை ஆடம்ஸைத் தெரிந்தெடுத்தது. அதற்கு உதவிய ஹென்றி க்ளேக்கு அந்நிய நாட்டு இலாகா கிடைத்தது. பேரம் என்று எதிரிகள் கூவினர். பேரத்துக்கு ருஜு இல்லை. கூவ இடங்கொடுத்தது அவர் தவறே. 1828-ல் ஜனங்கள் அவரை நீக்கிவிட்டனர்.

வேறொருவராயிருந்தால் வீட்டில் ஓய்ந்திருப்பார். ஆடம்ஸோ 1831-ல் அதே பிரதிநிதி சபையில் சாதாரண அங்கத்தினராக வந்தமர்ந்தார். 1836-ல் அச்சபை ஓர் அக்கிரமம் செய்தது. அடிமை வழக்கத்தைப் பற்றிய மனு எதுவாயினும் விவாதமின்றி ஒதுக்கிவிட வேண்டுமாம்! இத்தகைய வாய்ப்பூட்டு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கிழவர் முழங்கினார். மேலும் மேலும் மனுக்களைக் கொணர்ந்து குவித்தார். இத்தனைக்கும் அவர் அடிமை ஒழிப்புக் கட்சியில் சேர்ந்தவரல்லர். அது நமக்குக் குறையாகவே தோன்றுகிறது. ஆனால் 1841-ல் 'அமிஸ்டாட்' கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்களுக்காக, 73 வயதில், சுப்ரீம் கோர்ட்டில் வாதாடி அவர்களை விடுவிக்க உதவியவரும் அவரே.

1842-ல் ஹேவரில் ஊரார் சிலர் ஐக்கிய நாட்டையே கலைத்துவிடக் கோரி மனுச் செய்தனர். அக்கோரிக்கை ஆடம்ஸுக்குச் சற்றும் சம்மதமில்லை. எனினும், மறுப்பதற்குக் காரணங்காட்டிப் பதிலளிக்க வேண்டும் என்று சொல்லி அம்மனுவைச் சபையில் வைத்தார். தமக்குப் பிடித்த மனுவை எவரும் கொடுப்பர். பிடிக்காத மனுவுக்கும் உரிமை கேட்டதே அவருடைய பெருமை. உடனே அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்தது. சுதந்திரப் பிரகடனத்தின் முதற் பகுதியை வாசிக்கும்படி அவர் குமாஸ்தாவைப் பணித்தார். சுமார் இரண்டு வாரம் தனியே வாதாடினார். எதிரிகள் சளைத்துத் தீர்மானத்தைக் கைவிட்டனர்.

1844 டிசம்பர் 3-ந் தேதி அவர் கொணர்ந்த பிரேரணை 108-க்கு 80 என்ற வோட்டில் நிறைவேறி, வாய்ப்பூட்டு ஒழிந்தது. 1848 பிப்ரவரி 21-ந் தேதி சபையில் தம் ஆசனத்திலேயே சரிந்து விழுந்தார். இரண்டு தினங்களுக்குப்பின் சபாநாயகர் அறையில் உயிர் நீத்தார். அடிமை வழக்கம் 1865 வரை நீடித்தது.