ஊழியரின் இரகசியம் முகாமையாளரின் சொத்தல்ல

சுகயீன லீவு கேட்டு முகாமையாளரின் முன்னே நிற்கும் ஊழியன் தன் நோயை விரும்பிச் சொல்வதில்லை. வேறு வழியின்றியே சொல்கின்றான். வீட்டில் நேர்ந்த துன்பத்தைக் கூறி விடுமுறை கேட்கும் பெண்ணின் நிலையும் அதுவே. அவர்கள் ஒருவரை நம்பி ஒப்படைத்த செய்தி மறுநாள் கந்தோர் முழுவதும் பேச்சாகுமானால், அதனை வெறும் வம்பளப்பு என்று தள்ளிவிடலாமா? அது நம்பிக்கைத் துரோகம் என்றே நாம் கூறுவோம்.

இத்துரோகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஜேர்மனியில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். நூரன்பேர்க் நகரில் எச் அன்ட் எம் என்னும் உடை வியாபார நிறுவனத்தின் சேவை நிலையம் ஒன்றிருந்தது. அங்கே லீவு முடிந்து திரும்பிய ஊழியரை மேலதிகாரிகள் அழைத்து நலம் விசாரித்தனர். அவ்வாறு அறிந்த நோயின் விபரங்கள் பதியப்பட்டன. நடைபாதைப் பேச்சிற் கேட்ட குடும்பச் சிக்கல்களும் சமய நம்பிக்கைகளுங்கூடத் தப்பவில்லை. குறைந்தது 2014ஆம் ஆண்டிலிருந்து நடந்த இவ்வேலையின் பதிவுகளை ஐம்பது முகாமையாளர் வரையிற் பார்க்கக்கூடியதாயிருந்தது. 2019 ஒக்டோபரில், கணினியில் நேர்ந்த தவறொன்றினால் அவை சில மணிநேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தன. அதன் பின்னரே உண்மை வெளியாயிற்று. 2020இல் ஹம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் ஏறக்குறைய 3 கோடியே 53 இலட்சம் யூரோ தண்டப்பணம் விதித்தார். நிறுவனமும் ஊழியரிடம் மன்னிப்புக் கோரிற்று. அந்தத் தவறு நேராதிருந்தால் ஊழியர் தாம் வேவு பார்க்கப்பட்டதை என்று அறிந்திருப்பர்?

இங்கே நிலைமை என்ன? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. உடல்நலம், இனம், சமயம், அரசியற் கருத்து ஆகியவை பற்றிய தகவல்கள் விசேட பாதுகாப்புக்குரியவை என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. ஆனால், அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வருவதற்குக் குறிக்கப்பட்ட 2025 மார்ச் 18ஆம் திகதி பின்போடப்பட்டது. ஏட்டில் எழுதிய சட்டம் ஊழியனின் கண்ணீரைத் துடைக்குமா?

நிர்வாகம் நடத்துவதற்கு ஊழியரின் நிலையை அறிய வேண்டாமா என்று சிலர் கேட்பர். அறியட்டும். எத்தனை நாள் வரமாட்டார், எந்த வேலையைச் செய்ய இயலாது என்பவற்றை அறிந்தாற் போதும். நோயின் பெயர் எதற்கு? பிள்ளையின் குறை எதற்கு? கணவனுடன் உண்டான பிணக்கு எதற்கு? வேலைக்கு வேண்டாத செய்தியைத் துருவுவதும், வேண்டிய செய்தியைக் கண்டவர்க்கெல்லாம் பரப்புவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்களே.

குறைகேட்கும் அதிகாரியே குறையைத் தூற்றுவது வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். ஆகவே, தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வு கேட்பதோடு நின்றுவிடலாகாது. ஊழியரின் கோவையை யார் பார்க்கலாம், இரகசியத்தை வெளியிட்ட முகாமையாளருக்கு என்ன தண்டனை என்பவற்றையும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதுவித்தல் வேண்டும். அரசாங்கமும் இச்சட்டம் ஒவ்வொரு தொழிலிடத்திலும் உயிர்பெறச் செய்ய வேண்டுமென வற்புறுத்துகின்றோம்.

சம்பளத்திற்காக ஊழியன் கொடுப்பது தன் உழைப்பை, தன் மானத்தையல்ல.