நாவில் தமிழ், பெயரில் அயன்மொழியா?

இராமநாதபுர மாவட்டத்துப் பரமக்குடியிற் பிறந்து, 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’ வழிச் சிறுவனாய்த் திரையேறியவர் நடிகர் கமலகாசன். கொங்குத் தமிழை 1995இல் ‘சதி லீலாவதி’யிலும், ஈழத்தமிழை 2000இல் ‘தெனாலி’யிலும் தம் நாவில் ஒலிக்கச் செய்தார். 2018 பிப்பிரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, இராமேசுவரத்தினின்றே அரசியற் பணிக்குப் புறப்பட்டார். 2025இல் மாநிலங்களவையில் தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார். இவையெல்லாம் பாராட்டத்தக்கனவே.

ஆயினும், 2005இல் ‘மும்பை எக்சுபிரசு’. தமிழுணர்வாளர் அன்றே எதிர்த்தனர். இருபதாண்டு கழித்து, 2025இல் ‘தக் லைப்’! விற்பனைக்காக எனின், ‘விருமாண்டி’யும் ‘வேட்டையாடு விளையாடு’ம் தமிழ்ப்பெயரோடு வெல்லவில்லையா? கடற்கரைச் சிற்றூர்ச் சிறுவன் எழுத்துக்கூட்டிப் படிப்பது சுவரொட்டியை அன்றோ? உறுதிமொழிக்குத் தக்க தமிழ், படப்பெயருக்குத் தகாதோ?