நிலவேம்பு கிருமியைக் கொல்லுமா? தாய்லாந்து சொல்லும் எச்சரிக்கை!

தொண்டை கரகரத்தால் தாய்லாந்தில் பலரும் தேடுவது 'ஃபா தலாய் சோன்' கேப்சூலைத்தான். 'திருடர்களை வானமே வீழ்த்தும்' என்பதுபோல் பொருள் தரும் பெயர். பெயர்தான் புதுசு, செடி நமக்குப் பழசு. டெங்கு சீசனில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறோமே, அந்தக் குடிநீரில் இருக்கும் நிலவேம்புதான்!

தாய்லாந்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1999-லேயே இது இடம்பிடித்துவிட்டது. கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு என்ற வேதிப்பொருள். ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களில் கொரோனா வைரஸ் பெருகுவதை இது தடுத்ததாக 2021-ல் அந்நாட்டு ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ஆனால், ஆய்வகத் தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் மருந்து நேராகக் கிருமி மேல் படும். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான்.

அதே 2021-ல் கொரோனா நோயாளிகள் 57 பேரிடம் சோதித்தார்கள். நிலவேம்புச் சாறு பெற்ற 29 பேரில் ஒருவருக்கும் நிமோனியா இல்லை. வெற்று மருந்து பெற்ற 28 பேரில் 3 பேருக்கு வந்தது. நல்ல செய்திதானே? பிறகு புள்ளிவிவரக் கணக்கில் பிழை தெரியவந்து, ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். சரியாகக் கணக்கிட்டால், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

அப்போ பயனே இல்லையா? இருக்கிறது. 1991-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில், தொண்டை அழற்சியோடு வந்த 152 பெரியவர்களைப் பிரித்துச் சோதித்தார்கள். தினமும் 6 கிராம் நிலவேம்பு எடுத்தவர்களுக்கு மூன்றாம் நாளில் காய்ச்சலும் தொண்டை வலியும் பாராசிட்டமால் எடுத்தவர்கள் அளவுக்குக் குறைந்தன. கவனியுங்கள், ஒப்பிட்டது பாராசிட்டமாலோடு, ஆன்டிபயாடிக்கோடு அல்ல. வலி குறைந்ததே தவிர, கிருமி செத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இந்த மூலிகையைக் கொண்டாடும் தாய்லாந்தே யாரெல்லாம் எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏ' பாக்டீரியாவால் தொண்டை வலி வந்தவர்கள், தொண்டையில் சீழ் வைத்தவர்கள், குளிர் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள்.

அந்த ஸ்ட்ரெப் கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரை பாதிக்கும். 'கசாயம் கொடுத்தாச்சு, சரியாயிடும்' என்று வீட்டில் காத்திருக்கும் நாள்கள்தான் ஆபத்து. அங்கே மருந்து அட்டையிலேயே கெடு உண்டு: 3 நாள்களில் சரியாகவில்லையா, நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.