கண்ணுக்கு முன் செவி

குழந்தைக்குச் சோறூட்டும் கடமையைப் பிறரிடம் ஒப்படைக்க எந்தப் பெற்றோரும் மனம் கொள்ளார். ஆயினும் அதே குழந்தை படிக்கக் கற்கும் பொறுப்பை மட்டும் முழுவதுமாகப் பள்ளியின் தோளில் இறக்கிவைத்துவிட்டு, மதிப்பெண் குறையும் நாளில் ஆசிரியரை நோவது நம் வீடுகளின் வழக்கமாகிவிட்டது. எழுத்தறிவித்தல் பள்ளியின் பணி என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் அப்பணி பலிப்பதற்கு வேண்டிய நிலத்தைப் பண்படுத்துவது வீட்டின் பணி.

பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் 2022, 2024 ஆம் ஆண்டு அறிக்கைகளின்படி, தமிழ்நாட்டின் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்பில் பயிலும் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவர் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. அந்த ஆய்வின் முறையோடு உடன்படாதோர் உளர் என்பதை அறிவோம். இரண்டாம் அறிக்கை முதலாவதைவிடச் சற்றே தேறியிருப்பதையும் மறைக்கவில்லை. எனினும், 2021 இல் இல்லம் தேடிக் கல்வியையும் 2022 இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் கற்றல் இடைவெளியைக் குறைக்க அரசே தொடங்க நேர்ந்ததற்கு மேல் இக்குறைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழின் 247 எழுத்துகளே குழந்தைக்குச் சுமை என்பார் சொல்லும் காரணம் பாதி உண்மையே. காகம், பகல், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் ஒன்றாகவே எழுதப்பட்டு ஒலியில் வேறுபடுகிறது. கெ, கே, கை என்பனவற்றில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னரே வந்து நிற்கிறது. இத்தடைகளைக் குழந்தை கடப்பது, அச்சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கிறது என்ற ஒரே வலிமையால்தான். அவ்வாறு கேளாத சொல்லை அது எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிக்கும்போது, வரியின் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

இதனினும் ஆழமான தடை மற்றொன்று உண்டு. “அவங்க வந்துட்டாங்க” என்று நாள் முழுதும் கேட்டு வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தையின் முன், “அவர்கள் வந்துவிட்டார்கள்” என்று ஏடு பேசுகிறது. பேச்சு மொழியும் எழுத்து மொழியும் இவ்வளவு விலகி நிற்கும் ஒரு மொழியில், எழுத்துத் தமிழின் ஓசையைப் பள்ளியில்தான் முதன்முதலாகக் கேட்கும் குழந்தை, எழுத்தையும் நடையையும் ஒருங்கே கற்க வேண்டிய இரட்டைச் சுமையைத் தாங்குகிறது. நாள்தோறும் கால் மணி நேரம் மடியில் அமர்த்திக் கதை நூலொன்றை வாய்விட்டுப் படித்துக்காட்டும் வீடு, அச்சுமையில் ஒன்றை முன்னரே இறக்கிவிடுகிறது. படிப்பவர் எல்லாவற்றையும் பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்லாமல் ஏட்டிலுள்ள நடையையே ஒலிப்பதும், வரியின் கீழ் விரலை ஓட்டுவதும், பிள்ளை கேட்கும் அதே கதையை நூறாம் முறையும் சலிப்பின்றிப் படிப்பதும் போதும். தேர்வாளராக மாறி எழுத்துகளை வினவத் தொடங்கினால் அந்த மடியும் வகுப்பறையாகிவிடும்.

இது புதிய நெறியும் அன்று. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி, எழுத்து கைக்கு வருமுன்னே நாவில் ஏறியது. நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்த அந்நூல், செவியில் பதிந்த முறையையே கண்ணுக்கு வழிகாட்டியாக்கியது. அப்பள்ளிகளின் பொருளறியா மனப்பாடத்தையும், பெரும்பாலோர்க்கு அவற்றின் வாயில் அடைபட்டிருந்த கொடுமையையும் நாம் போற்றவில்லை. செவியை முதற்கண் வைத்த முறையை மட்டுமே கருதுகிறோம். இன்றோ விசயதசமியன்று அரிசியில் அகரம் எழுதுவித்து, அடுத்த விசயதசமி வரை ஒரு கதை நூலும் வாங்காத வீடுகள் வசதி படைத்தோரிடையேயும் மலிந்துள்ளன.

எழுதப் படிக்க அறியாத தாய்க்கு இக்கடன் எவ்வாறு கூடும் என்ற வினா நேர்மையானது. அவர் சொல்லும் கதை குழந்தையின் சொல்வளத்தைப் பெருக்கும். படங்களைக் காட்டிப் பேசுவதும் அவரால் இயலும். மூத்த பிள்ளை தம்பி தங்கைக்குப் படித்துக்காட்டலாம். ஆனால் அதற்கும் வீட்டில் நூல் வேண்டும். இங்கேதான் அரசின் கடமை தொடங்குகிறது.

1948 இல் பொது நூலகச் சட்டம் இயற்றி இந்திய நாட்டுக்கே முன்னோடியாக நின்றது இம்மாநிலம். சொத்து வரியோடு நூலக வரியையும் மக்கள் இன்றளவும் செலுத்துகின்றனர். ஆயினும் அம்புலிமாமா, கோகுலம் ஆகிய சிறுவர் இதழ்கள் அச்சில் நின்றுபோன பின், எளிய வீடுகளுக்குள் மாதந்தோறும் நுழைந்த சிறுவர் எழுத்தின் இடம் வெறுமையாகவே உள்ளது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்து வெளியிட்ட சிறு நூல்கள் அவ்வெறுமையை நிரப்பத் தகுந்தவை. அவை வகுப்பறையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு வெள்ளியன்றும் குழந்தையின் பையில் வீடு செல்ல வேண்டும் என்றும், திங்களன்று கிழிந்து திரும்பும் நூலுக்காக எந்த ஆசிரியரும் கணக்குக் காட்ட வேண்டாம் என்றும், துறை எழுத்து மூலம் ஆணையிட வேண்டும்.