வைட்டமின் டி குறைவென்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்

குழந்தைப்பேறு சிகிச்சைக்குச் செல்லும் பெண்களிடையே, வைட்டமின் டி அளவை உயர்த்தினால் ஐவிஎஃப் எனும் செயற்கைக் கருத்தரிப்பு கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பரவிவருகிறது. இது ஆதாரமே இல்லாமல் பிறந்ததல்ல. 11 ஆய்வுகளில் இடம்பெற்ற சுமார் 2,700 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி போதிய அளவு இருந்தவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. ஆனால், அந்த ஆய்வுகளில் யாருக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கவில்லை. அளவையும் விளைவையும் ஒப்பிட்டார்கள், அவ்வளவே. உடல் பருமன் கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி குறையும். கரு தங்கும் வாய்ப்பும் குறையும். அப்படியிருக்க, பழியை வைட்டமின் மீது மட்டும் எப்படிப் போடுவது?

இத்தாலிய மருத்துவர்கள் மருந்து கொடுத்தே பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கும் குறைவாக வைட்டமின் டி இருந்த 630 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஐவிஎஃப்புக்கு முன்பு ஒரு பிரிவுக்கு 6 லட்சம் யூனிட்டை ஒரே வேளையாகவும் மறுபிரிவுக்கு மருந்தில்லாத போலி மருந்தையும் கொடுத்தார்கள். கருத்தரித்தவர்கள் முறையே 37, 40 சதவீதம். 2021இல் வெளியான இந்த முடிவின்படி, வைட்டமின் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. ஒரே வேளையில் கொட்டாமல் தினமும் சிறிதளவு கொடுத்திருந்தால்? பருமனான பெண்களுக்குக் கொடுத்திருந்தால்? நியாயமான கேள்விகள்தான். ஆனால், பலன் உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதுவரை அந்தச் செலவையும் காத்திருப்பையும் தம்பதியர் தலையில் சுமத்துவது சரியல்ல.

சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் கர்ப்பகால நலனுக்காகவும் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால், வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் மருந்தை நாள்தோறும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு காலம். 35 வயதைக் கடந்த பெண்ணுக்குக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. எந்த மாத்திரையும் அவற்றை மீட்டுத் தராது. சிகிச்சை தோற்றால், வெயிலில் நிற்காததுதான் காரணமோ என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்ளவும் நேர்கிறது. இது கொடுமை. வைட்டமின் டி குறைவு என்பதற்காக மட்டும் சிகிச்சையை மாதக்கணக்கில் ஒத்திவைக்கச் சொன்னால், அதற்கு ஆதாரம் என்ன என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.