லேடீஸ் சீட்டில் உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது?

ஏற்காட்டின் மலை விளிம்பில் மூன்று பார்வை முனைகள் இருக்கின்றன: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். இயற்கையாய் அமைந்த பாறைகளுக்கு ஒரு குடும்பத்தையே பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் புகழ்பெற்றது லேடீஸ் சீட்தான். அங்கிருந்து சேலம் நகரமும், வளைந்து வளைந்து ஏறிவரும் மலைப்பாதையும் தெரியும். ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி மாலைதோறும் இங்கே வந்து அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பாராம், அதனால் இந்தப் பெயர் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பெண் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள் என்பது, ஓர் இடத்துக்கே பெயராகிற அளவுக்கு அபூர்வமான சம்பவம்.

கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற மே மாதத்தில் அங்கே போய்ப் பாருங்கள். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். தொலைநோக்கிக்கு முண்டியடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அம்மாக்கள் எங்கே? ஒருத்தி கழிப்பறைக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு போயிருப்பாள். ஒருத்தி மாமியாரின் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி பைகளுக்குக் காவல் இருப்பாள். பெயர்ப்பலகையில் லேடீஸ் உட்கார்ந்திருக்கிறாள். நேரில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

குடும்பச் சுற்றுலா என்பது விடுமுறை அல்ல, இடம் மாறிய வீட்டு வேலை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆகவே ஒரு நாளைக் கணக்கெடுப்போம்.

நாமக்கல்லிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ காலை 6 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றால், அவளுடைய நாள் 4 மணிக்குத் தொடங்குகிறது. இல்லை, முந்தின இரவே தொடங்கிவிட்டது. புளிக்காய்ச்சல் நேற்றே காய்ச்சியாகிவிட்டது. தயிர்சாதத்துக்குப் பாலும் உறையும் கணக்குப் பார்த்துக் கலந்தாகிவிட்டது. சின்னவனுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, எனவே மாத்திரை, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை. பெரியவளுக்கு ஸ்வெட்டர். மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். பயணத் தேதி முடிவானதுமே அவள் இன்னொரு கணக்கையும் போட்டிருப்பாள். சேர்வராயன் கோயிலுக்கும் போவார்கள் என்பதால், மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்ற கணக்கு. இந்தக் கணக்கு வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வந்து இறங்கியதும் ஓட்டியவருக்குப் பாராட்டு: "ஒரே மூச்சில் ஏறிட்டாரே!" அதே 20 வளைவுகளையும் பின்னிருக்கையில், வாந்தியெடுக்கும் பிள்ளையின் வாய்க்குக் கீழே பை பிடித்தபடி கடந்தவளை யாரும் பாராட்டுவதில்லை. படகுத் துறையில் வரிசையில் நிற்பது அவள். கிளியூர் அருவியில் நனைவது மற்றவர்கள், செருப்பும் கைப்பேசியும் உலர்ந்த துண்டும் காப்பது அவள். எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பது உறுதியில்லாததால் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடித்து வருவதும் அவள்தான். ராத்திரி வீடு திரும்பியதும் மற்றவர்கள் "அப்பாடா" என்று சாய்கிறார்கள். அவளுக்கு இன்னும் டிபன் கேரியர் கழுவ வேண்டியிருக்கிறது. நாளைக்கு இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே நாளைப் பணத்துக்கு விற்கிற ஓர் இடத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வி.ஐ.பி. சுற்றுலா என்று ஒரு ஏற்பாடு உண்டு. 10 பேர் வரையிலான ஒரு குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி. குறைந்தது 7 மணி நேரத்துக்கு அமர்த்த வேண்டும். கட்டணம் மணிக்குப் பல நூறு டாலர், நுழைவுச்சீட்டு தனி. அந்த வழிகாட்டி என்ன செய்வார்? யாருக்கு என்ன பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டு அந்த நாளைத் திட்டமிடுவார். விடுதி வாசலுக்கு வந்து அழைத்துப் போவார். எந்த ராட்டினத்துக்கு எப்போது போனால் காத்திருக்க வேண்டாம் என்று பார்த்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு இடம் பிடித்துத் தருவார். எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்களா என்று கவனித்துக்கொண்டே இருப்பார்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். இந்த வேலைகளை ஏற்கெனவே செய்பவரை உங்களுக்குத் தெரியும். அவரை நீங்கள் "அம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். சீருடை போட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு ஒருவர் செய்தால் மணிக்கு நூற்றுக்கணக்கில் டாலர். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி செய்தால் "அவளுக்கு இதெல்லாம் பழக்கம்".

சிரித்த முகமும் வேலையின் ஒரு பகுதிதான் என்பதை ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983ஆம் ஆண்டே எழுதினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியை அடக்கி இன்முகம் காட்டுவதும் உழைப்புதான் என்றார். பணிப்பெண்ணுக்கு விமானம் தரையிறங்கியதும் முகத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். குடும்பச் சுற்றுலாவில் இருப்பவளுக்கு அதுவும் கிடையாது. கொஞ்சம் சோர்ந்தால் போதும், "வந்த இடத்துலயும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா?" என்று கேள்வி வரும். மற்றவர்களின் சந்தோஷத்துக்கு அவள் பொறுப்பு. அவளுடைய சோர்வுக்கு அவளே குற்றவாளி.

வி.ஐ.பி. என்றால் யார்? எளிய விளக்கம்: காத்திருக்கத் தேவையில்லாதவர். 2017 மே 1 முதல் இந்தியாவில் அமைச்சர்களின் கார்களிலிருந்து சிவப்புச் சுழல்விளக்கை எடுத்துவிட்டார்கள். இனி எல்லோரும் முக்கியமானவர்களே என்று பேசினார்கள். வீட்டுக்குள் சுழல்கிற விளக்கை யார் எடுப்பது? தட்டில் சோறு வர, குளிக்கத் துண்டு வர, சட்டை இஸ்திரியாகி வர, எதற்கும் காத்திராமல் வாழ்கிறவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒருத்தி காத்திருப்பதால்தான் அது முடிகிறது.

பெண்களுக்கென்று தந்த சின்னச் சலுகையைக்கூட இந்த ஏற்பாடு விழுங்கிவிடும். டிக்கெட் கவுண்டரில் பெண்கள் வரிசை சிறியதாக இருந்தால் உடனே என்ன நடக்கிறது? "நீ லேடீஸ் க்யூவில் போய் எல்லாருக்கும் வாங்கிட்டு வா." பெண்ணுக்கான வரிசை குடும்பத்தின் குறுக்குவழியாகிவிடுகிறது. பணக்கார நாட்டிலும் இதற்கு இணையான கதை உண்டு. டிஸ்னி பூங்காக்களில் வரிசையைத் தாண்டுவதற்காகவே சில செல்வந்தக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துவதாக 2013இல் செய்தி வெளியானது. அந்த ஆண்டே டிஸ்னி தன் விதிகளை மாற்றியது. பெண்ணை இப்படிப் பயன்படுத்துவதற்கு எந்த விதியும் மாறவில்லை. அதைச் செய்தியாகக்கூட யாரும் எழுதுவதில்லை.

எண்களும் இதையே சொல்கின்றன. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் வேலை 10 நிமிடம் குறைந்தது. ஆணின் வேலையும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. அவளுக்குக் கிடைத்த 10 நிமிடம் அவர் எடுத்துக்கொண்ட வேலையால் வரவில்லை என்பது மட்டும் தெளிவு.

"அவள் சந்தோஷமாகத்தானே செய்கிறாள்?" என்பார்கள். செய்யட்டும். சந்தோஷமாகச் செய்கிற வேலைக்கும் ஓய்வு உண்டு. ஆசிரியர் பாடம் நடத்துவதை விரும்புகிறார் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் வைப்பதில்லை. "வீட்டில் அடைந்து கிடக்காமல் வெளியே கூட்டிவந்தேனே" என்பார்கள். கூட்டிவருகிறவர், கூட்டிவரப்படுகிறவர் என்று இருவர் இருப்பதே பிரச்சினை. "எல்லா வேலைக்கும் ஆள் வைத்துவிடலாம், அவளை ராணி மாதிரி உட்கார வைக்கலாம்" என்பவர்களும் உண்டு. இவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த அந்தச் சீமாட்டியின் கதை இதுதான். காலனிக் காலத்துத் துரைசானி ஒருத்தி மாலை நேரத்தைச் சும்மா கழிக்க முடிந்ததென்றால், அவளுடைய சமையலறையில் யாரோ நின்றிருக்க வேண்டும், அவளுடைய பிள்ளையை யாரோ தூக்கி வைத்திருக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாற்றில் இருக்கிறது. அந்தக் காப்பிப் பழத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்த பெண்களின் பெயரில் எந்தப் பாறையும் இல்லை. இன்றும் தலைச்சோலை போன்ற மலைக் கிராமங்களின் பெண்கள் தோட்டத்தில் பறிக்கிறார்கள், களையெடுக்கிறார்கள். ஏரிக்கரையில் பஜ்ஜி போடுகிறவர், மக்காச்சோளம் சுடுகிறவர், விடுதி அறையில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர் என்று சுற்றுலாவைத் தாங்குவதும் பெண்கள்தான். சுற்றுலா வந்தவள் ராணியாக உட்கார வேண்டுமென்றால், இவர்களில் ஒருத்தி இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வேலை வீட்டு ஆணிடம் போகவே இல்லை. ஒரு பெண்ணிடமிருந்து அவளைவிட ஏழையான பெண்ணிடம் கைமாறியது, அவ்வளவுதான்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அது எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு வழக்கு. ஆனால் வேலை செய்கிறவளுக்கு ஒரு குழந்தை இருக்கும், அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கேட்டு வாங்க முடிந்தது. அது வேலை என்று ஒப்புக்கொள்ளப்பட்டதால் முடிந்தது. அதே மலைச்சரிவில் கார் ஏறி வந்து அதே பிள்ளையை இடுப்பில் சுமக்கிறவளுக்கு அப்படிக் கேட்க வழியில்லை. அவள் செய்வதற்கு "டூர்" என்று பெயர் வைத்துவிட்டோம்.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலகத்திலும் வீட்டிலும் வேலை செய்ய மறுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பெண்களின் விடுப்பு நாள்". சமையலும் இல்லை, குழந்தை வளர்ப்பும் இல்லை. அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். நாடு ஒரே நாளில் பாடம் படித்தது. விடுப்பு என்றால் அது. வேலையைச் சுருட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு மலையேறுவது விடுப்பு ஆகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வி.ஐ.பி. சீட்டு அல்ல. பங்கு. பயணப் பட்டியலை எழுதுவது, மாத்திரை எடுத்துவைப்பது, வாந்திப் பையைப் பிடிப்பது, திரும்பி வந்து பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆண்களின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். "சொல்லு, செய்கிறேன்" என்பது பங்கு ஆகாது. சொல்வதற்காக நினைவில் வைத்திருப்பதே பாதி வேலை.

அரசிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. பயணிகளிடம் கட்டணம் வாங்குகிற ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் விழுகிற, நாப்கின் போட இடமிருக்கிற கழிப்பறை வேண்டும். பாலூட்ட ஓர் அறை வேண்டும். செல்ஃபி எடுக்க இதய வடிவ வளைவு வைக்கிற பணத்தில், முதுகு சாய்க்க நாலு பெஞ்சு போடலாம். சீசனில் வேலை செய்யும் பெண்களுக்கு வார விடுப்பும் சட்டப்படியான கூலியும் வேண்டும். அவர்களும் ஒரு மாலை அதே பாறைக்கு வந்து உட்கார வேண்டும்.

நமக்கு நாமே தர வேண்டியதும் ஒன்று உண்டு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பை பற்றி 2011இல் எழுதிய நூலில், பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரணத்தோடுதான் இருக்க வேண்டியிருக்கிறது, காரணமின்றிச் சுற்றும் உரிமையையும் அவள் கேட்க வேண்டும் என்று வாதிட்டார்கள். மலையிலும் அதுதான் நிலைமை. மனைவியாக, அம்மாவாக, மருமகளாக வந்தால் யாரும் ஏதும் கேட்பதில்லை. தனியாக வந்தால் விடுதி வரவேற்பறையிலேயே விசாரணை தொடங்கிவிடும். இரண்டு தோழிகள், ஒரு அக்கா, ஒரு தங்கை, யாருடைய பையையும் சுமக்காமல் பேருந்து ஏறிப் போய்வருவது இன்னும் பல வீடுகளில் அனுமதி கேட்க வேண்டிய விஷயம். கேட்காமல் போகத் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவிலிருந்து மறுநாள் பாத்திரம் கவிழ்க்கும் வரை, எந்த வேலையை யார் செய்தார், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். உங்கள் பெயரையும் அண்ணன் தம்பி பெயரையும் விட்டுவிடாதீர்கள். பிறகு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, அம்மாவையும் உட்காரச் சொல்லிவிட்டு, அதைச் சத்தமாக வாசியுங்கள்.