ஓவியத்தின் முன் ஒரு மனோதத்துவ அறிஞர்

கலைஞனின் கற்பனை, கிறித்தவனின் விசுவாசம், மனோதத்துவ அறிஞனின் தொழில் என்னும் மூன்றும் ஒருவரிடத்தே குடியிருத்தல் கூடுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இரு திறத்தார் அவசரப்பட்டு விடையிறுத்துவிடுகின்றனர். கூடாது என்பார் ஒரு திறத்தார்; விசுவாசம் புகுந்த இடத்தில் விஞ்ஞானம் நில்லாது என்பது அவர்தம் வாதம். கூடும், மிக எளிதாகக் கூடும் என்பார் மற்றத் திறத்தார். இப்பின்னவரிடமே எனக்கு அச்சம் அதிகம். இவர்கள் கையில் ஓவியம் பிரசங்கத்துக்கு ஒரு படமாகிவிடுகிறது. பாட்டு மருந்துச் சீட்டாகிவிடுகிறது. துயருற்று வந்த மனிதனோ இரண்டுக்கும் நடுவே கேட்பாரற்று நிற்கிறான்.

வாதத்தை ஒருபுறம் வைத்து ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். ஹென்றி நோவென் 1932ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்தில் பிறந்தவர். 1957இல் கத்தோலிக்கக் குருவாக அபிஷேகம் பெற்றவர். பின்னர் நைமேகன் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் பயின்றார். 1964இல் அமெரிக்காவுக்குச் சென்று, கன்சாஸ் மாநிலத்து மெனிங்கர் நிலையத்தில் இரண்டாண்டு கற்றார். சமயத்தையும் மனநோய் மருத்துவத்தையும் ஒருங்கே ஆராய்ந்த இடம் அது. நொற்றடாம், யேல், ஹாவார்ட் என்று பெரும் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். தன் காயத்தை அறிந்தவனே பிறர் காயத்துக்கு மருந்திட வல்லவன் என்னும் கருத்தை விரித்து அவர் 1972இல் எழுதிய நூல் பலராலும் படிக்கப்பட்டது. கருத்து நல்லதே. ஆயினும் அதனை எழுதுவதற்கும் அதன்படி வாழ்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டென்பதை அவர் பின்னரே கண்டார்.

1983இல், பிரான்சு நாட்டு ஊரொன்றில், நண்பர் ஒருவரின் அறைக்கதவில் ஒட்டியிருந்த ஒரு படம் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஊதாரி மைந்தன் வீடு திரும்பும் காட்சியை ரெம்பிராண்ட் தீட்டிய ஓவியத்தின் பிரதி அது. மழித்த தலையும் தேய்ந்த செருப்புமாக மகன் முழந்தாளிட்டிருக்கிறான். ஒரு பாதத்தில் செருப்பே இல்லை. பார்வை மங்கிய முதியவர் ஒருவர் குனிந்து தம் இரு கைகளையும் அவன் முதுகில் வைத்திருக்கிறார். ரெம்பிராண்ட் 1669இல் மறைந்தார். அவருடைய இறுதிக் காலத்துப் படைப்பு இது. மனைவியையும் மகன் தீத்துஸையும் இழந்த மனிதர் அவர் என்பதை அறிந்து பார்ப்போருக்கு அக்கைகளின் பாரம் புரியும்.

மூல ஓவியம் எட்டரை அடி உயரமானது. 1986இல் நோவென், அன்று லெனின்கிராட் என்று பெயர் வழங்கிய நகருக்குச் சென்று, ஹெர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் அதன் முன் ஒரு நாற்காலியில் மணிக்கணக்காக அமர்ந்திருந்தார். யன்னல் வெயில் நகர நகர, ஓவியத்தின் முகங்கள் மாறுவதைப் பார்த்திருந்தார். தொடக்கத்தில் அவர் தம்மை இளைய மகனாகவே கண்டார். களைத்து வீடு தேடியவர் அப்படிக் காண்பது இயல்புதானே? பிற்பாடு நண்பர் ஒருவர், நீர் மூத்தவன் போலன்றோ இருக்கிறீர் என்று உணர்த்தினார். என் இளமையில் ஞாயிற்றுப் பள்ளியில் இவ்வுவமையை நாடகமாக ஆடியபோது மூத்த மகன் வேடத்துக்கு எவரும் முன்வந்ததில்லை. நோவெனுக்கும் அவ்வேடம் இனிக்கவில்லை. கடமை தவறாத குருவின் உள்ளத்தில் எத்துணை மனக்கசப்பு மறைந்திருக்கும் என்பதை அவர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

என் கருத்து இங்கேதான் பிறக்கிறது. பிறர் உள்ளத்தைப் படிப்பதற்குப் பயின்ற ஒருவர் ஓவியத்தின் முன் தாமே படிக்கப்பட்டார். கலையும் விசுவாசமும் தொழிலும் அவரிடத்தே கலந்தது அவர் எதையும் பயன்படுத்திய வேளையில் அன்று. தாம் பார்க்கப்படுவதற்கு உடன்பட்ட வேளையில்.

1985இல் ஹாவார்டை விட்ட அவர், அடுத்த ஆண்டு ரொறன்ரோவுக்கு அருகே, அறிவுத்திறன் குறைபாடுடையோருடன் கூடி வாழும் லார்ஷ் சமூகத்தில் சேர்ந்தார். பேச இயலாத ஆதாம் என்னும் இளைஞரைக் குளிப்பாட்டி, உடுத்தி, காலையுணவு ஊட்டுவது பேராசிரியரின் வேலையாயிற்று. 1987இன் இறுதியில் அவருடைய மனமே உடைந்தது. சமூகத்தை விட்டுச் சில மாதம் விலகியிருந்து, பிறரிடம் சிகிச்சை பெற்று மீண்டார். ஓவியத்தைப் பற்றிய நூல் 1992இல்தான் வெளிவந்தது; நோயாளியாயிருந்தவர் எழுதிய நூல் அது.

அந்நூலிலும் குறை உண்டு. தந்தையின் கைகளில் ஒன்று அகன்றும் மற்றொன்று மெலிந்தும் இருப்பதை வைத்துத் தந்தையையும் தாயையும் ஒருங்கே காண்கிறார் நோவென். ஓவியன் அப்படித்தான் எண்ணினானோ? சிற்சில இடங்களில் ரெம்பிராண்டை விட நோவெனே அதிகம் தென்படுகிறார் என்பேன். ஆயினும் தம்மைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை.

நோவெனுக்கு முன்னோடியாயிருந்தவர் அன்டன் பொய்சன். 1920இல் மனநோயாளியாக மருத்துவமனையில் அடைபட்ட இந்தப் போதகர், 1924இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநோய் மருத்துவமனைக்கே ஆன்மீகப் பணியாளராகச் சென்றார்; மறு ஆண்டு இறையியல் மாணவரை அழைத்து அங்கே பயிற்றலானார். 1926இல் மருத்துவமனை வழிபாட்டுக்கென்று ஒரு கீதப் புத்தகமும் தொகுத்தார். கலங்கிய மனத்தை மேலும் கலக்கக்கூடிய பாடல்களை விலக்கி, நம்பிக்கையும் துணிவும் தருவனவற்றைத் தேர்ந்தார். பக்தியுடையது என்பதனாலேயே ஒரு பாட்டு நல்லதாகிவிடாது என்று துணிந்து கூற, அந்த வார்டில் கிடந்த ஒருவராலன்றி யாரால் முடியும்? முதியவரான பொய்சனை நோவென் 1964இல் நேரிற் கண்டார். அந்தச் சந்திப்பு அவரை விட்டு அகலவில்லை.

ஆற்றுப்படுத்தும் தொழிலைக் கற்கும் நம் மாணவர் பலர் விசுவாசிகள்; சிலர் பாடவும் வரையவும் வல்லவர். அறைக்குள் வருபவர் வேறு சமயத்தவராக இருக்கலாம், சமயமே வேண்டாதவராகவும் இருக்கலாம். அவர் கேளாதபோது அவர் கையில் ஒரு படத்தையோ வசனத்தையோ திணிப்பது, தன்னை மறந்து செய்யும் அன்பு போலத் தோன்றினும், அவருடைய சுதந்திரத்திற் கைவைப்பதேயாகும். நோவென் ஓவியத்தின் முன் மணிக்கணக்காக இருந்தது வேறெவர் பொருட்டும் அன்று. மூத்த மகன் விருந்துக்கு உள்ளே வந்தானா என்பதை லூக்கா எழுதவில்லை. ரெம்பிராண்டும் அவனை இழுத்து வரவில்லை. கோலின்மேல் கைகளைக் கோத்தபடி வலப்புறத்தில் நிற்க விட்டுவிட்டார்.